ஒரு விரற்கடை உயரம்

தை 6

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுகிறேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இடது பக்கம். உட்கார்ந்தால் வலி. எழுந்தால் அதைவிட வலி. தும்மல் வந்தால் செத்தேன்.

இருபது வருஷமாக எங்கள் ஊர்ப் பெருமாளைத் தோளில் சுமக்கிறவன் நான். கருட வாகனம் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும். அதற்கெல்லாம் அசைந்து கொடுக்காத முதுகு, கட்டிலுக்கு அடியில் விழுந்த டிவி ரிமோட்டை எடுக்கக் குனிந்தபோது பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. மாடு மாதிரி நாலு காலில் நின்றேன். கோமளா ஓடி வந்தாள், பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டின பெண்டாட்டி!

முதுகு தேறாமல் தோளில் துரும்பைக்கூட ஏற்றக் கூடாதாம். பங்குனியில் கருட சேவை இருக்கிறது என்றேன். "அதுக்குள்ள தேறிட்டா தூக்குங்க. இல்லேன்னா நின்னு கும்பிட்டுட்டு வாங்க" என்கிறார். நின்று கும்பிட ஊரே இருக்கிறது. அதற்கு நான் எதற்கு?

தை 7

வேங்கடத்தான் மாமா வந்து பார்த்தார். பெருமாளைச் சுமக்கும் எங்களைச் சீர்பாதம் என்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். யார் எந்தத் தண்டில் நிற்பது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். "உடம்பப் பாத்துக்க மணவாளா. இந்த வருஷம் உன் இடத்துல என் மருமகன் வாசுவ நிக்க வைக்கிறேன். அமுதன் பக்கத்துல நிக்க சரியா இருப்பான்" என்றார். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை, அதற்குள் இடத்தைக் கொடுத்துவிட்டார்.

ஆராவமுதன் என் தம்பி. கருட வாகனத்தின் முன் குறுக்குத் தண்டில் ஒரு முனை எனக்கு, மறு முனை அவனுக்கு. உயரம் அப்படிப் பொருந்தும். ராம லட்சுமணர் மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது. என் மகள் கல்யாணத்தன்று வேன் சவாரி என்று போய்விட்டு, தாலி கட்டி, பந்தி பாதி ஆன பிறகு வந்து நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனும் திருப்பிக்கொண்டான். இதில் எழுத ஒன்றுமில்லை.

மாமாவிடம் சொல்லிவிட்டேன், பங்குனிக்குள் எழுந்து நிற்பேன் என்று. பெருமாள் காரியத்தை விட முடியாது, அவ்வளவுதான் காரணம்.

தை 10

உரக்கடைக்கு மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. வயசான காலத்தில் பனியனோடு அங்கே போய் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நடத்துகிறவன் ரியாஸ், சின்ன வயசு, கை ஒவ்வொன்றும் தூண். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான்.

"என்ன வேலண்ணே பாக்குறீங்க?"

"தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை."

"அதான. மிஷின் மேல கவுந்தே நின்னு முதுகு கேள்விக்குறியாட்டம் வளைஞ்சிருக்கு."

எனக்குக் கூனா! வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். முதுகு வலித்தது, விட்டுவிட்டேன்.

ஒரு நீளப் பலகையில் உட்கார வைத்தான். காலை எதிரே ரெண்டு தகட்டில் உதைத்துக்கொள்ள வேண்டும். எதிரே உருளையில் ஓடும் கம்பிக் கயிறு, அதன் முனையில் கைப்பிடி, அந்தப் பக்கம் அடுக்கின இரும்புக் கட்டிகள். கைப்பிடியை வயிற்றுக்கு இழுத்து, மெதுவாக விட வேண்டும். இழுத்தேன். பழக்கம், உடம்பு தானாக முன்னும் பின்னும் சாய்ந்தது.

"ஆடாதீங்கண்ணே, இது கோயில் இல்ல. உடம்பு அப்படியே இருக்கணும். முழங்கை மட்டும் பின்னாடி போகட்டும். ரெண்டு தோள்பட்டையும் முதுகுல ஒண்ண ஒண்ணு தொடணும். இழுக்கறது கை இல்ல, முதுகு."

முதுகு இழுப்பதா? அதற்குக் கை இருக்கிறதா என்ன?

தை 11

கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. கோமளா வாரிவிட்டாள். வகிடு கோணல்.

தை 19

விடியலில் ஜிம்மில் நானும் ரியாஸும் மட்டும்தான். அவன் பாட்டுப் போட மறந்துவிட்டான். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால், வாய்க்காலுக்கு மேலே பனி. கீழே கடையிலிருந்து யூரியா வாசனை.

இன்றைக்கு முதல் தடவையாக முதுகு இழுத்தது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. கை சும்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது, பின்னால் யாரோ கதவைத் திறந்து மூடுகிற மாதிரி தோள்பட்டைகள் வந்து சேர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டேன். இழுத்தால் கயிறு வருகிறது. விட்டால் போகிறது. அந்தக் கயிறு உருளையோடு முடியவில்லை. ஜன்னல் வழியாக வெளியே போய், பனிக்குள் நுழைந்து, வாய்க்காலைத் தாண்டி எங்கேயோ போகிறது. மறு முனையில் யாரோ இருக்கிறார்கள். நான் இழுக்கும்போது அந்த ஆள் விட்டுக்கொடுக்கிறார், நான் விடும்போது அந்த ஆள் இழுத்துக்கொள்கிறார். ஒரே மூச்சு. தோளில் வாகனம் ஏறின பிறகு முதல் பத்தடிக்கு அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவன் மூச்சு எது, நம் மூச்சு எது என்று தெரியாது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றான் ரியாஸ்.

"பெருமாளை நினைச்சேன்" என்றேன். 

தை 26

வலி காலையில் மட்டும். வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் அமுதனின் வேன் நின்றது. பின் சக்கரத்தில் காற்று இல்லை. அவன் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தான். சட்டையில் காலர் கிழிந்திருக்கிறது, பெண்டாட்டி பார்க்க மாட்டாளா? நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மாசி 4

ரியாஸ் இன்னொரு கட்டி கூட்டினான். இழுக்கும்போது மார்பு மேலே வர வேண்டுமாம். "ராஜா மாதிரி உக்காருங்கண்ணே." ராஜா எங்கேடா பலகையில் உட்கார்ந்து கயிறு இழுத்தான்?

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, நன்றாக இருக்கிறது. வெளியே வரும்போது உடம்பு பஞ்சாக இருக்கிறது. கடைக்கு நடக்கும்போது தெரு கொஞ்சம் மிதக்கிறது. பால்காரர் மணி, பூக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி மெதுவாகப் போகிறார்கள். கடையைத் திறந்து ஆதார் அட்டையைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா திட்டிவிட்டுப் போனது. திட்டும் இனிமையாக இருந்தது.

மாசி 10

கயிற்றின் அந்தப் பக்கம் இன்றும் ஆள் இருந்தது.

மாசி 18

டாக்டர் குத்தினார், அமுக்கினார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். "தூக்கலாம்" என்றார். மாடிப்படியை ரெண்டு ரெண்டாக இறங்கினேன்.

வீட்டில் ஒரு வேடிக்கை. நிலைக்கதவுக்குப் பக்கத்தில் மாட்டின கண்ணாடியில் நெற்றி தெரியவில்லை, புருவத்துக்குக் கீழேதான் தெரிகிறது. கண்ணாடியை இறக்கி மாட்டினாயா என்று கோமளாவைக் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் ஏறியிருக்கீங்க. கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் இருந்தீங்க" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தெருக்கோடி வரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன், நாலு பேர் பார்க்கட்டுமே.

மாமாவிடம் போய் நின்றேன். "சரி, தோள் பாத்துருவோம்" என்றார்.

பங்குனி 2

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உற்சவத்துக்கு முன்னால் வாகன மண்டபத்தில் தோள் பார்ப்பது எங்கள் வழக்கம். வெறும் தண்டை ஜோடி ஜோடியாகத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மாமா தண்டின் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார். பழம் நின்றால் ஜோடி சரி. உருண்டால் தோள் சமமில்லை. சமமில்லாத தோளில் வாகனம் ஏறினால் பெருமாள் சாய்வார், தாழ்ந்த தோள்காரன் மேல் பாதிக்கு மேல் பாரம் விழும், இடுப்பு போகும். இருபது வருஷமாக எனக்கும் அமுதனுக்கும் பழம் அசைந்ததில்லை. எங்கள் முறை வந்தால் மாமா பழத்தை வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பிப்பார்.

இன்றைக்கு அவன் வந்து மறு முனையில் நின்றான். எப்போதும்போல என் பக்கம் பார்க்கவில்லை. எண்ணெய் வாசனை அடித்தது, வேனிலிருந்து நேரே வந்திருக்கிறான். தண்டு தோளில் ஏறியது. மாமா பழத்தை வைத்தார். பழம் அவன் பக்கம் உருண்டு, அவன் தோளில் இடித்து, கீழே விழுந்தது.

"சரியா நில்லுங்கப்பா" என்றார். மறுபடி வைத்தார். மறுபடி அவன் பக்கம் உருண்டது.

மாமா என்னைச் சுற்றி வந்தார். என் தோளில் கையை வைத்தார், அமுதன் தோளில் கையை வைத்தார். "அட மணவாளா! ஒரு விரற்கடை கூடிட்டியேப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பதை நெருங்கும்போது வளர்ந்தவன் நீதான் என்று முதுகில் தட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ஒரே உயரமாக இருந்ததே கிடையாது. தண்டுக்கு வரும் முன்பே ஜெராக்ஸ் மிஷினில் குனிந்து குனிந்து நான் அவன் உயரத்துக்கு வந்திருக்கிறேன். அதைப் போய் ஜிம்மில் நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

"பின் தண்டுல உசரமான ஆளு வேணும்னு பாத்துட்டே இருந்தேன். நீ அங்க போ. முன்னால அமுதனோட வாசு நிக்கட்டும்" என்றார் மாமா.

அமுதன் குனிந்து பழத்தை எடுத்தான். என்னைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். பழத்தை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பின் தண்டு நல்ல இடம். பலசாலிகளுக்குத்தான் கொடுப்பார்கள்.

பங்குனி 3

ஜிம்முக்குப் போகவில்லை. வலி இல்லை.

பங்குனி 5

ரியாஸிடம் கேட்டே விட்டேன். "தம்பி, இதைத் திருப்பிப் போட முடியுமா?"

"எதண்ணே?"

"இந்த நிமிர்ந்ததை. ஒரு விரற்கடை போதும். பங்குனி பன்னெண்டுக்குள்ள."

அவன் தண்ணீர் பாட்டிலை மூடாமல் என்னைப் பார்த்தான். "முதுக ஏத்தத்தான் மிஷின் இருக்குண்ணே. எறக்கறதுக்கு எவனும் கண்டுபிடிக்கல." பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். "என்னண்ணே ஆச்சு?"

சொன்னேன். தோள் பார்த்தது, பழம், பின் தண்டு, வாசு. தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப வருஷத்துக்கு ஒரு நாள் அந்தக் கட்டையடியிலதான் நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கிறீங்க. அதுக்காகத்தான இந்த இழுவ இழுத்தீங்க?"

"பெருமாள் காரியம்டா" என்று கத்தினேன். அவன் கைப்பிடியை எடுத்து என் கையில் கொடுத்தான். இழுத்தேன். கயிறு வந்தது, போனது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெறும் இரும்பு.

பங்குனி 7

கண்ணாடி முன்னால் குனிந்து பழகிக்கொண்டிருந்தேன். தோளை முன்னால் தள்ளி, மார்பை உள்ளே இழுத்தால் நெற்றி தெரிகிறது. ஆனால் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

கோமளா துவைத்த துணியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமோ.

"தம்பி பக்கத்துல நிக்கணும்னா நாலு வீடு தள்ளித்தான இருக்காரு. போய் நிக்க வேண்டியதுதான?"

"அவன் வரட்டும்."

"வந்தாரே. பந்தி நடக்கும்போது வந்து நின்னாரே. வழியில வேன் நின்னு போயி, லாரி புடிச்சு, சட்டையெல்லாம் கரியோட வந்தாரே. நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போனது யார் என்று கேட்டாள். சாப்பாட்டில் உட்கார்ந்தும் சண்டை ஓயவில்லை, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மோர்க்குழம்பு வேறு.

பங்குனி 10

கொடி ஏறி நாலு நாள் ஆகிவிட்டது. மத்தியானம் கடையிலேயே கண்ணசந்துவிட்டேன். கருட வாகனம் வீதியில் வருகிறது. தூக்க ஒருவரும் இல்லை. தானாக மிதந்து வருகிறது, குடை ஆடுகிறது, சாமரம் வீசுகிறது. முன் தண்டுக்கு அடியில் ரெண்டு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கிறது. நான் ஓடிப் போய் என் முனையைப் பிடிக்கிறேன். கை எட்டவில்லை. நான் சின்னப் பையனாக இருக்கிறேன். யாரோ வந்து எழுப்பி, பத்து காப்பி கேட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்தப் பச்சை வெளிச்சம் போய்த் திரும்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் அமுதன் வீட்டு வாசல் வரை போனேன். விளக்கு எரிந்தது. உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றினேன், திரும்ப மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனி 12

கருட சேவை முடிந்து குளித்துச் சாப்பிட்டாகிவிட்டது.

கோபுர வாசலுக்குள் இன்னும் இருட்டு பிரியவில்லை. கற்பூரம், பூ, வியர்வை. பெருமாள் கருடன் மேல் ஏறி உட்கார்ந்தாயிற்று. சீர்பாதம் எல்லோரும் வெற்றுடம்போடு அவரவர் இடத்தில் நின்றோம். நான் பின்னால். என் இடத்திலிருந்து பார்த்தால் பூ மாலையும் கருடன் இறக்கையும்தான். அமுதன் தெரியவில்லை.

மாமா கையைத் தூக்கினார். தூக்கப் போகிறோம். அப்போது முன்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே."

யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோரும் திரும்பினார்கள். எனக்குத் தெரியும். அந்தக் குரலைத் தெரியாமல் போகுமா?

"அண்ணே, இங்க வா."

கால் தானாகப் போயிற்று. அமுதன் தன் முனையில் நின்றபடி, வாசுவிடம், "மாப்ள, நீ பின்னால போ. இது அண்ணன் இடம்" என்றான். மாமா, "டேய் அமுதா, தோள் சேரல, பாத்தம்ல! பாரம் பூரா உன் மேல விழும்" என்று அதட்டினார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை.

நான் என் முனைக்கு வந்து குனிந்தேன். முழங்காலை மடக்கி, தோளைத் தளர்த்தி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனிந்தேன். அப்படியே நாலு வீதியும் போய்விடுவேன், முதுகு போனால் போகட்டும் என்று வைராக்கியமாக நின்றேன்.

அமுதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். ரெண்டாக மடித்தான், நாலாக மடித்தான். தன் தோளில் வைத்தான்.

எங்கள் கூட்டத்தில் தோளில் துணி வைப்பது கிடையாது. பெருமாள் பாரம் வெறும் தோலில்தான் இறங்க வேண்டும், அந்தக் காய்ப்புதான் எங்களுக்குப் பட்டம். துணி வைக்கிறவனைக் கூலிக்கு வந்தவன் என்று கேலி பண்ணுவார்கள். அதனால்தான் தோள் பார்த்த அன்று ஒருவர் வாயிலும் அந்த யோசனை வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. அமுதன் தோளில் காய்ப்பு எலுமிச்சை அளவு இருக்கும். எங்கள் எல்லோரிலும் பெரிய காய்ப்பு அவனுடையது.

அதன் மேல் துண்டை வைத்து, என் தோளையும் தன் தோளையும் ஒரு தடவை கண்ணால் அளந்தான். போதவில்லை. இடுப்புத் துண்டையும் அவிழ்த்து மடித்து அதன் மேல் வைத்தான். சிரிப்பதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

"நிமிந்து நில்லுண்ணே" என்றான். "நான் வச்சுக்கறேன்."

நிமிர்ந்தேன். ரியாஸ் சொன்ன மாதிரி, ராஜா மாதிரி நிமிர்ந்தேன். "சரிடா" என்று மட்டும் சொன்னேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை.

கோவிந்தா என்றார்கள். தண்டு எழுந்து எங்கள் ரெண்டு பேர் தோளிலும் உட்கார்ந்தது. வாசல் தாண்டினோம். வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. வீதி முழுக்க ஜனம், ஆனால் ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அவன் இழுக்கும் மூச்சில் நான் விட்டேன், நான் இழுத்ததில் அவன் விட்டான். தெற்கு வீதி திரும்பும்போது அழுகை வந்துவிட்டது. வியர்வை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அமுதன் நினைத்திருக்க மாட்டான்.

பங்குனி 13

காலை. அமுதன் வந்திருக்கிறான். கோமளா ரெண்டாவது ஈடு இட்லி ஊற்றுகிறாள், நான் பிறகு எழுதுகிறேன்.